மூன்றாம் நம்பர் நட்சத்திரம்

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த காசியம்மாவின் மடியில் ஒரு மஞ்சள் பை, பையின் வாயில் சால்வையின் ஓரம். கத்தரிப்பூ நிறம், ஜரிகைக் கரை. அது தனக்குத்தான் என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மாணவி வீட்டார் கைடுக்குச் சால்வை போர்த்த வேண்டும், வெளியூர் எக்ஸாமினருக்கு இன்னொன்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஸ்வீட் டப்பா, பிறகு எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ. இந்த இயற்பியல் துறையில் எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் இது. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் அவளுக்குப் பதினோரு சால்வை சேர்ந்து, பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கின்றன. பதினோரு முறையும் கூச்சப்படுகிறவள்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு, உள்ளுக்குள் பூரித்துப்போய்த்தான் வாங்கினாள். பன்னிரண்டாவதைத்தான் இன்று பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காதே என்று கண்ணைத் திருப்பினால், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைபோல் அது மறுபடி அந்தப் பைக்கே போனது. மேடையில் அஞ்சுகம் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். ஆறு வருடம் இவளிடம் ஆராய்ச்சி செய்த பெண். டாக்டர் பட்டத்துக்கு முன்னால் பாக்கி இருப்பது இந்தப் பொது வைவா ஒன்றுதான், அதுவும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். அல்லது சொல்லாமலே விட்டுவிட வேண்டும். அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அந்தத் தீஸிஸ் தப்பு என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"எங்கம்மா காலைல அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்காங்க. அவங்களுக்காக முதல் ரெண்டு நிமிஷம் தமிழ்ல பேசிக்கிறேன் சார்" என்று அஞ்சுகம் துறைத்தலைவர் தாமோதரனைப் பார்த்துச் சொல்ல, அவர் தாராளமாகக் கையசைத்தார். தமிழ் தெரியாத எக்ஸாமினர் பட்நாயக்கும் புரிந்ததுபோல் தலையாட்டிவைத்தார். "அம்மா, ரொம்ப ரொம்ப தூரத்துல கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்த ஒரு மண்டலம். அதோட நடுவுல ஒரு பெரிய கருந்துளை. சுத்தி இருக்கிற தூசியும் வாயுவும் அதுல விழறதுக்கு முன்னாடி சூடாகி எரியுது. அந்த வெளிச்சம் கூடுது, குறையுது, கூடுது, குறையுது. துருத்தி ஊதற மாதிரி. அதனால நாங்க அதுக்கு துருத்தின்னே பேரு வச்சிட்டோம். நாலரை வருஷத்துக்கு ஒருக்கா அந்தத் தாளம் திரும்பி வருது. எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பக்கத்துலயே மாறாத ஒரு நட்சத்திரம் இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பாப்போம். நீ கடையில எடைக்கல் வச்சு நிறுக்கற இல்ல, அது மாதிரி." அறை சிரித்தது. உழவர் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் காசியம்மா தன் பேச்சு வந்ததில் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. மாறாத நட்சத்திரம். மாறாத. ஏன் அந்த வார்த்தையை அப்படி அழுத்தினாள்? அழுத்தினாளா, தனக்குத்தான் அப்படிக் கேட்டதா? எடைக்கல் என்று ஏன் சொன்னாள், வேறு உதாரணமா கிடைக்கவில்லை? ஒருவேளை இவளுக்கும் தெரிந்து, தெரிந்துகொண்டே நம்மைக் குத்துகிறாளோ? சே, என்ன புத்தி இது. வாசலில் பார்த்ததும் "மேடம் சாப்பிட்டீங்களா"ன்னு கேட்ட பெண். மங்கையர்க்கரசிதான் பதிலுக்கு முகத்தைப் பார்க்காமல் புரொஜக்டர் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் ஆறு மணிக்கு அவள் ஒன்றும் துப்பறியக் கிளம்பவில்லை. பட்நாயக் அனுப்பிய அறிக்கையில் பத்துச் சின்னச் சின்ன யோசனைகள் இருந்தன. ஏழாவது, ஒப்பிடும் நட்சத்திரம் நிலையானதுதான் என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாயிருக்கும் என்பது. அந்த ஒரு வரிக்காகத்தான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வானத்தை இரவிரவாகப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டுவைக்கிற பொதுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் போய் மூன்றாம் நம்பரைத் தேடினாள். துருத்தியை அளக்க இருபத்திரண்டு வருடமாக அவள் வைத்திருக்கும் நட்சத்திரம் அது. நேர்கோடு ஒன்று வரும், அதைப் பிரதி எடுத்து அஞ்சுகத்துக்கு அனுப்பி, கேட்டால் காட்டு என்று சொல்லலாம். திரையில் புள்ளிகள் விழுந்தன. ஏறின. இறங்கின. மறுபடி ஏறின. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள், அப்போதும் ஏறி இறங்கித்தான் இருந்தன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே நாலரை வருடம். துருத்தியின் படத்தை எடுத்துத் தலைகீழாக்கி அதன்மேல் வைத்தாள், இரண்டும் அச்சாகப் பொருந்தின. மூன்றாம் நம்பர் மங்கினபோதெல்லாம் துருத்தி பிரகாசமாகியிருக்கிறது. மூன்றாம் நம்பர் பிரகாசமானபோதெல்லாம் துருத்தி மங்கியிருக்கிறது. துருத்தியின் வெளிச்சம் கூடிக் குறைவது பொய்யில்லை, அது தன் இஷ்டத்துக்கு எப்படியோ கூடிக் குறைந்துகொண்டுதான் இருக்கும். தாளம்தான் அதனுடையது இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததும் கேஸ் வாடை மூக்கில் ஏறியதும் வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் குமிழைத் திருகிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வழிந்த பாலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே நாலு முறை துடைத்தாள்.

எப்படி ஏமாந்தோம். ஏமாறவில்லை, மூன்று நட்சத்திரம் வைத்துத்தானே ஆரம்பித்தாள்? ஒன்றையே நம்பாதே என்பது இந்தத் தொழிலில் பால பாடம். முதல் வருடம் மலைமேல் டெலஸ்கோப் அறையில், வானத்தின் அந்தத் துண்டைக் காட்டும் படத்தில், பச்சை பால்பாயிண்ட் பேனாவால் மூன்று நட்சத்திரத்துக்கு வட்டம் போட்டாள். ஐந்தாம் வருடம் புதுக் கேமரா வந்தது. அதற்கு முதல் நம்பரின் வெளிச்சம் தாங்கவில்லை, படத்தில் அது வெறும் வெள்ளைத் திட்டாகிப்போனது. பன்னிரண்டாம் வருடம் இன்னொரு கேமரா. அதன் படச்சட்டம் சின்னது, இரண்டாம் நம்பர் வெளியே போய்விட்டது. மூணாம் நம்பர் இருக்கே, அதுவே போதும் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று ஞாபகமில்லை, சொன்ன தொனி ஞாபகமிருக்கிறது. கேமரா மாறின ஒவ்வொரு முறையும் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒட்டுப்போட்டது மூன்றாம் நம்பரை வைத்துத்தான். பச்சை வட்டம் போட்ட அந்தத் தாள் மாணவர் கைமாறி மாணவர் கைக்குப் போய், ஜெராக்ஸின் ஜெராக்ஸாகி, பச்சை கறுப்பாகி, வட்டம் மட்டும் அப்படியே நின்றது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் கொடுக்கும் முதல் பொருளே அந்தத் தாள்தான், கூடவே இதை மட்டும் மாத்தாதே என்ற எச்சரிக்கை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், வரும் மார்ச்சில் துருத்தி பிரகாசமாகும் என்று எழுதினாள். மார்ச் கடைசி வாரமே ஆயிற்று! வானத்தின் நாடி பிடித்த பெண் விஞ்ஞானி என்று பேப்பரில் போட்டார்கள், புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிற போட்டோவோடு. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, நாலரை வருடத்துக்கு ஒருமுறை நெருங்குகின்றன என்று எங்கெங்கோ இருந்தவர்கள் விளக்கம் எழுதினார்கள். மங்கை சுற்று என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. தன் பெயரை அடுத்தவர் கட்டுரையில் படிக்கும்போது முதுகுத்தண்டில் ஓடிய குளிர்ச்சியை நினைத்துப் பார்த்தாள். இப்போதும் ஓடியது, குளிர்ச்சி அதேதான்.

அஞ்சுகம் இங்கிலீஷுக்கு மாறி இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தாள். சுத்தமான பேச்சு, ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வந்த புதிதில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் வேர்க்கும் இவளுக்கு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பின்லாந்தில் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் கிடைத்த சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். இப்போது எழுந்து சொன்னால் என்ன ஆகும்? திருத்தி எழுது என்பார் பட்நாயக். ஆறு மாதம், ஒரு வருடம். அவர்கள் காத்திருப்பார்களா, வேறு ஆள் பார்ப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை, அவளுக்காகத்தான். அந்தச் சின்னப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை? வேலையில் சேரட்டும், ஊன்றிக்கொள்ளட்டும், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து நிதானமாக ஒரு திருத்தம் வெளியிட்டால் போயிற்று. எவ்வளவு பதவிசாக வருகிறது இந்த நியாயம், யாரோ எழுதிக் கொடுத்ததுபோல. அவளுக்காக என்றால் காலையில் ஏன் போன் செய்யவில்லை? ஏழு மணிக்கு, எட்டு மணிக்கு, புடவை கட்டிக்கொண்டே எத்தனையோ முறை போனைப் பார்த்தாயே. எந்தப் புடவை கட்டுவது என்று பத்து நிமிடம் நின்றாய், போட்டோவுக்கு எது எடுக்கும் என்று. அப்போது அவளையா நினைத்தாய்? உன்னைத்தான் நினைத்தாய் மங்கை. உன் பெயரை நினைத்தாய். இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டயர்மெண்ட், வழியனுப்பு விழாவில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாய். ஏசியிலிருந்து ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்து ரவிக்கைக்குள் இறங்கியது. திடுக்கிட்டதில் எங்கிருந்தோ எலுமிச்சைச் சோற்று வாசனை வந்தது. இங்கே யார் சாப்பிடுகிறார்கள்? யாரும் இல்லை. பழைய வாசனை. துறை நடைபாதை, மத்தியானம், திறந்த டிபன் டப்பா. எதற்கு இப்போது அது என்று தள்ளிவிட்டு மேடையைப் பார்த்தாள்.

பார்த்திருக்கவே வேண்டாம். ஐந்து அலைகள் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு நின்றன. நீலப் புள்ளிகள், அவற்றினூடே ஓடும் சிவப்புக் கோடு. இருபத்திரண்டு வருடம். முதல் அலை ஏறும்போது அவளுக்கு முப்பத்தாறு வயது, மகள் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் அலை உச்சியில் இருந்தபோது அவள் கணவர் ராஜாமணி மாற்றலாகி நாக்பூர் போனார், இறங்கும்போது அங்கேயே இருந்துவிடப்போவதாகச் சொன்னார். சண்டை எதுவும் இல்லை. "நீ ஒரு தடவைகூட தப்புன்னு ஒத்துக்கிட்டதே இல்ல மங்கை, சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னாகூட என் நாக்குலதான் கோளாறும்ப" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருடங்களில் எது தவறினாலும் துருத்தி தவறாது என்றிருந்தது. மகள் போன் செய்வதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய மாட்டாள், ராஜாமணி வருவதாகச் சொன்ன பொங்கலுக்கு வர மாட்டார், துருத்தி சொன்ன மாதத்தில் வரும். அதை நினைத்து ஒரு பெரிய மனிதத் தோரணையில் நடந்திருக்கிறாள் இந்த வராந்தாக்களில். வந்தது யார்? மூன்றாம் நம்பர்தான் வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும், சொன்ன மாதத்தில். அதை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தராசின் இந்தப் பக்கம் இருக்கிற ஜடம் என்றே நினைத்துவிட்டாள். நடைபாதை மறுபடி வந்தது. டிபன் டப்பாவை இடது கையில் பிடித்தபடி அஞ்சுகம் நிற்கிறாள், வலது கையில் ஒரு தாள். படம் போட்ட தாள். ஒரு பருக்கை அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து ஓடிவந்திருக்கிறாள். எதற்கு ஓடிவந்தாள்? என்ன சொன்னாள்? 

பேச்சு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவளும் தட்டினாள். தாமோதரன் எக்ஸாமினரைக் கேள்வி கேட்கச் சொன்னார். கைடுக்கு இங்கே பேச்சில்லை. பேருக்கு வைவாவை நடத்துபவள் அவள், கேள்வி கேட்கக்கூடாது, முடிவில் நன்றி சொன்னால் போதும். பல்கலைக்கழக விதியே வாயைக் கட்டிவைத்திருக்கிறது, என்ன சௌகரியம். பட்நாயக் நல்ல மனுஷர். இரண்டு கருந்துளைகளும் எப்போது ஒன்றாய்ச் சேரும் என்று கேட்டார், அஞ்சுகம் சொன்னாள். பிறகு அறிக்கையைப் புரட்டினார். ஏழாவது யோசனை இருக்கிற பக்கம். மங்கையர்க்கரசி நாற்காலி நுனிக்கு வந்தாள். கேளும், தயவுசெய்து கேளும் என்று ஒரு மனம், கேட்டுத் தொலைக்காதே என்று இன்னொரு மனம். பட்நாயக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், புன்னகைத்தார், மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள், எனக்குத் திருப்தி என்று மூடிவைத்துவிட்டார். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். தப்பித்தோம். தப்பித்தோம் என்ற அந்த நிம்மதியின் நடுவில்தான், கதவைத் திறந்ததும் காற்று வருவதுபோல், அந்த நடைபாதை முழுசாக வந்தது. "மேடம், ஒரு நிமிஷம். மூணாம் நம்பர் கொஞ்சம் அசையற மாதிரி இருக்கு மேடம். கடைசி ஆறு வருஷத்து டேட்டா தனியா எடுத்துப் பார்த்தேன்." மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு. நின்றுகூடப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள், பின்னால் வந்த இரண்டு பேர் சிரிக்கும்படியாகவே சொன்னாள்: "நட்சத்திரம் அசையாது அஞ்சுகம். உன் கைதான் அசையுது. மழைக்காலம், ஈரப்பதம், சரியாத் திருத்தம் போடு. முதல்ல சாப்பிட்டு வா." இரண்டு வருடம் ஆயிற்று. அந்தப் பெண் தாளை மடித்து டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டது இப்போது கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று இவள் சந்தோஷப்பட்டாள்.

"பார்வையாளர்கள் யாராவது கேக்கலாம்" என்றார் தாமோதரன். வழக்கமாகச் சொல்வதுதான், யாரும் கேட்பதில்லை, டீ ஆறிக்கொண்டிருக்கும். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. காசியம்மா பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். சால்வையைப் போர்த்தத்தான் எழுந்தாள் என்று நினைத்தார்கள் எல்லோரும். "சார், நா ஒன்னு கேக்கலாங்களா? படிக்காதவ, தப்பா இருந்தா உட்ருங்க." கேளுங்கம்மா என்றார் தாமோதரன், குரலில் சிரிப்பு. "எங்க சந்தையில ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆபீசர் வந்து எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவாருங்க. கல்லு நம்ம கண்ணுக்கு அப்படியேதான் இருக்கும், ஆனா பொழங்கப் பொழங்கத் தேஞ்சிடும். முத்திரை இல்லாத கல்லுல நிறுத்தா ஃபைனு. பாப்பா ஒரு நட்சத்திரத்தைக் கல்லா வச்சு நிறுத்தேன்னுச்சே, அதுக்கு யாரு சார் முத்திரை குத்தறது?" கொல்லென்று சிரித்தது அறை. தாமோதரன் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் பட்நாயக்குக்குச் சொன்னார். பட்நாயக் மட்டும் சிரிக்கவில்லை, புருவத்தை உயர்த்தி அஞ்சுகத்தைப் பார்த்தார். அஞ்சுகம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, ஒரே ஒரு கணம், மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். ஒன்றும் இல்லை. வழி தெரிந்தவள் வழக்கமான தெருவில் திரும்புவதுபோல் திரும்பிச் சொன்னாள்: "மேடம் பார்த்து வச்ச நட்சத்திரம்மா அது. மேடம் சொன்னா சரியா இருக்கும்." காசியம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. மேடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்து, பையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இதைத்தான் ஆறு வருடம் சொல்லிக் கொடுத்தாயா? மங்கையர்க்கரசி எழுந்துவிட்டிருந்தாள். எழுந்தது எப்போது என்று தெரியவில்லை, முழங்கால் நாற்காலியில் இடித்து வலித்தது. நன்றி சொல்லப்போகிறாள் என்று தாமோதரன் மைக்கை நீட்டினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். இப்போதுகூட நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். சால்வை வரும். போட்டோ எடுப்பார்கள். ஒன்றாம் தேதி அந்தப் பெண் விமானம் ஏறுவாள், தப்பான எடைக்கல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இனி ஆயுசுக்கும் யார் சொன்னாலும் சரியாயிருக்கும் என்று. "அஞ்சுகம்" என்றாள்.  "நன்றி ஸ்லைடுக்கு அப்புறம் ஏதாவது வச்சிருக்கியா?" கேள்வி வந்தால் காட்டுவதற்கு என்று எல்லாப் பிள்ளைகளும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் நாலைந்தை ஒளித்துவைப்பார்கள், அது எல்லாக் கைடுக்கும் தெரியும். அஞ்சுகம் அசையவில்லை. "மேடம், அது வேண்டாம் மேடம்." "காட்டு." "இப்ப வேண்டாம் மேடம், ப்ளீஸ்." அவள் கண் அம்மாவுக்கும் எக்ஸாமினருக்கும் நடுவே தவித்தது. "மூணாம் நம்பர் அசையுது. காலைலதான் நான் பார்த்தேன். நீ எப்பப் பார்த்தே, அதைக் காட்டு" என்றாள் மங்கையர்க்கரசி. அறையில் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அஞ்சுகம் ஒரு பொத்தானை அழுத்தினாள், இன்னொரு முறை அழுத்தினாள்.

திரையில் ஒரே ஒரு அலை, பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடிகிறது. தலைப்பு எதுவும் இல்லை. கீழ் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர். அன்றைய தேதியே. சாப்பிட்டு வா என்று சொன்ன அன்று சாயங்காலமே உட்கார்ந்து திருத்தமெல்லாம் போட்டு, ஈரப்பதத்தையெல்லாம் கழித்து, மறுபடி வரைந்திருக்கிறாள். கழித்த பிறகு அலை இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. கண் எரிந்தது மங்கையர்க்கரசிக்கு, அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பட்நாயக் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு அருகில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். இது யார் கண்டுபிடித்தது என்று இங்கிலீஷில் கேட்டார். இது நிஜமானால் துருத்தியின் தாளத்தைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயம் போய்விடும், தெரியுமல்லவா என்றும் கேட்டார். தெரியும் என்றாள் மங்கையர்க்கரசி. ஐந்தாம் அத்தியாயம் என்னுடையது, இது அவளுடையது. அவள் காட்டினாள், நான் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதமா, ஒரு வருடமா, பின்லாந்து காத்திருக்குமா, அந்தப் பெண் இனி முகம் கொடுத்துப் பேசுவாளா, எதுவும் தெரியவில்லை. தாமோதரன் எக்ஸாமினரோடு தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். அஞ்சுகம் மேடையில் நின்றபடி அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல். என்ன நடக்கிறதென்று புரியாத காசியம்மா பையோடு எழுந்து வந்து மங்கையர்க்கரசியின் பக்கத்தில் நின்றாள். "இன்னாங்க மேடம், நா ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டனா?" என்றாள், சால்வையை வெளியே எடுப்பதா உள்ளே தள்ளுவதா என்று தெரியாமல். "இல்லம்மா. முத்திரை இல்ல அந்தக் கல்லுக்கு" என்றாள் மங்கையர்க்கரசி. "சால்வையை உங்க பொண்ணுக்குப் போடுங்க."